மருத்துவமும் அன்றாடக் கவனிப்பும் சேர்ந்து வர: முதியோருக்கான இணைந்த பராமரிப்பு, படிப்படியாக

வயதானவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் நேரத்தில்தான். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார். வார்டு செவிலியரும் குறை வைத்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடும் உதவியாளர் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். ஆனாலும் அந்த அம்மா மூன்றாவது வாரம் மறுபடி விழுந்து அதே வார்டுக்கு வந்து சேருவார். நடைப்பயிற்சி கொடுக்க வேண்டிய பிசியோதெரபிஸ்டுக்கு அவர் வீடு திரும்பிய செய்தியே போயிருக்காது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்ததும், அதற்குப் பயந்து அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதும் உதவியாளருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு படி இருப்பது யாருடைய ஃபைலிலும் இருக்காது.

இந்த வழிகாட்டி, ஒரு பகுதியில் முதியோருக்காக வேலை செய்யும் டாக்டர், செவிலியர், சமூகப் பணியாளர், உள்ளாட்சி அலுவலர், தொண்டு அமைப்பினர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் பயன்படும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைகளை ஒன்றாக்குவதிலோ பெரிய மென்பொருள் வாங்குவதிலோ தொடங்காதீர்கள். அலுவலகப் பலகை மாறும், கூட்டங்கள் பெருகும், முதியவர் வீட்டு வாசலில் எதுவும் மாறாது. கைமாறும் இடங்களைச் சரிசெய்வதில் தொடங்குங்கள்.

படி 1: ஒரே ஒருவரின் பாதையை முழுசாக வரைந்து பாருங்கள்

ஸ்வீடனின் யான்ஷோப்பிங் வட்டாரத்தில் 1990-களின் இறுதியில் ஊழியர்கள் "எஸ்தர்" என்ற ஒரு மூதாட்டியை மனதில் வைத்துக்கொண்டு, "எஸ்தருக்கு எது நல்லது?" என்ற ஒரே கேள்வியோடு தங்கள் வேலைமுறையை மாற்றத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் டோர்பேயில் அதே வேலையைச் செய்தது "திருமதி ஸ்மித்" என்ற கற்பனைப் பாட்டி. பெயர் எதுவானாலும் சரி. வரைபடம் நிஜ மனிதர் ஒருவரின் அனுபவத்திலிருந்து வர வேண்டும்.

அண்மையில் மருத்துவமனையில் இருந்து திரும்பிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் சம்மதத்தோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேசுங்கள். உடல்நிலை கெட்ட நாளிலிருந்து இன்றுவரை யார் யார் வந்தார்கள், எங்கெங்கே போனார், யாரிடம் என்ன சொன்னார், எதற்காகக் காத்திருந்தார் என்று ஒரு நீளமான தாளில் எழுதுங்கள். ஒரு ஊழியர் போய் இன்னொருவர் வந்த ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் ஒரு குறி போடுங்கள். அந்த இடத்தில் என்ன தகவல் கைமாறியது, எது தவறியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதே கதையை எத்தனை பேரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதையும் எண்ணுங்கள். முதியவர்களுக்கு எரிச்சல் தருவதில் முதலிடம் அதற்குத்தான்.

அந்தத் தாளைச் சம்பந்தப்பட்ட எல்லாரும் கூடும் அறையின் சுவரில் ஒட்டுங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, தாளே பேசும். கூடவே மூன்று நான்கு பேரின் பாதைகளையும் வரைந்தால், சிவப்புக் குறிகள் ஒரே இடங்களில் குவிவது தெரியும். உங்கள் வேலை அங்கேதான்.

படி 2: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

அமெரிக்க ஆய்வாளர் வால்டர் லூட்ஸ் 1999-இல் இந்தத் துறைக்குச் சில விதிகளை எழுதினார். அதில் முதலாவதின் சாரம்: சில சேவைகளை எல்லாருக்கும் இணைக்கலாம், எல்லாச் சேவைகளையும் சிலருக்கு இணைக்கலாம், எல்லாவற்றையும் எல்லாருக்கும் இணைக்க முடியாது. தோற்றுப்போன பல திட்டங்கள் இந்த மூன்றாவதை முயன்றவைதான்.

எனவே முதல் ஆண்டில் ஒரு சிறு குழு போதும். வயதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எண்பத்தைந்து வயதில் தனியாக ஊர் சுற்றுபவரும் உண்டு, அறுபத்தெட்டில் படுக்கையைவிட்டு எழ முடியாதவரும் உண்டு. உடல் தளர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் "கிளினிக்கல் ஃப்ரெயில்டி ஸ்கேல்" என்ற அளவுகோல் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. கனடாவின் ராக்வுட் குழுவினர் உருவாக்கியது. அதில் ஐந்து, ஆறில் இருப்பவர்களிடம் தொடங்குவது நல்லது. வெளிவேலைக்கோ குளிப்பதற்கோ உதவி தேவைப்படத் தொடங்கியிருக்கும், ஆனால் இழந்ததில் கொஞ்சமாவது மீட்க இன்னும் வாய்ப்பிருக்கும்.

அளவுகோல் கையில் இல்லையென்றால் இந்த அடையாளங்களைப் பாருங்கள்: கடந்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விழுந்தவர், அண்மையில் டிஸ்சார்ஜ் ஆனவர், ஐந்துக்கு மேல் மருந்து சாப்பிடுபவர், ஞாபக மறதியோடு தனியாக வாழ்பவர், கவனித்துக்கொள்பவரே ஓய்ந்துபோன வீடு. இந்தக் கடைசி அடையாளம் எந்த மருத்துவப் பதிவேட்டிலும் இருக்காது. களத்தில் இருப்பவர்களைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பெயர்களைச் சொல்லிவிடுவார்கள்.

படி 3: எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே மதிப்பீடு

டாக்டர் ஒரு படிவம், சமூகப் பணியாளர் ஒரு படிவம், வீட்டு உதவி நிறுவனம் இன்னொரு படிவம் என்று இருக்கும்வரை இணைப்பு என்பது பேச்சோடு நிற்கும்.

தொடக்கச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட முதியோர் ஒருங்கிணைந்த பராமரிப்புக் கையேட்டின் முறை எளிது. நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, கேட்கும் திறன், மனச்சோர்வு என ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது; கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 விநாடிக்குள் முடிகிறதா என்று பார்ப்பது; கடந்த மூன்று மாதத்தில் முயற்சியில்லாமல் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி போய்விட்டதா என்று கேட்பது. பயிற்சி பெற்ற எந்தக் களப்பணியாளரும் இதைச் செய்யலாம், டாக்டர் தேவையில்லை.

யாரிடம் குறை தெரிகிறதோ அவருக்கு முழு முதுமை மதிப்பீடு வேண்டும். நோய், மருந்து, மனநிலை, அன்றாடச் செயல்திறன், வீடு, உறவுகள், பணம் எல்லாவற்றையும் பல துறையினர் சேர்ந்து பார்த்து, ஒரு திட்டத்தில் முடிப்பது. "முடிப்பது" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மதிப்பீட்டோடு நின்றுவிடும் மதிப்பீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. மருத்துவமனையில் செய்யப்படும் இத்தகைய மதிப்பீட்டைப் பற்றி 2017-இல் காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, ஒன்பது நாடுகளில் நடந்த 29 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இந்த மதிப்பீடு கிடைத்தவர்களில் அதிகம் பேர், பின்தொடர்ந்து பார்த்தபோது, உயிரோடு சொந்த வீட்டில் இருந்தார்கள்.

மதிப்பீட்டில் ஒரு பகுதியையாவது வீட்டிலேயே செய்யுங்கள். கிளினிக்கில் "நன்றாக நடக்கிறேன்" என்று சொன்னவர், வீட்டில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டே போவது தெரியவரும். இரவில் எழுந்தால் விளக்கு ஸ்விட்ச் எங்கே? மாத்திரை டப்பாவில் பழைய சீட்டின் மாத்திரையும் புதிய சீட்டின் மாத்திரையும் கலந்து கிடக்கிறதா? படுத்தபடி ரத்த அழுத்தம் எடுத்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அவர் விழுவதற்கான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது: "உங்களுக்கு எது முக்கியம்?" பதில் சில நேரம் டாக்டரின் பட்டியலுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

படி 4: ஒரு பெயர், ஒரு போன் நம்பர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், பெயர் சொல்லி. கனடாவின் கியூபெக்கில் "பிரிஸ்மா" என்ற முறையில் இவர் கேஸ் மேனேஜர். சேவை கேட்டு வருபவர்களுக்கு ஒரே நுழைவாசல், ஒரே மதிப்பீட்டுக் கருவி, தனிநபர் திட்டம், பகிரப்பட்ட கணினிப் பதிவு ஆகியவை அவரைச் சுற்றி அமைந்தன. ஜப்பானில் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபோதே கேர் மேனேஜர் என்ற பொறுப்பும் வந்தது. 2006 முதல் அங்கே வட்டார ஆதரவு மையங்கள் அமைக்கப்பட்டு, பொதுச் சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், மூத்த கேர் மேனேஜர் மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். டோர்பேயில் ஒருங்கிணைப்பாளர்கள் மருத்துவப் படிப்பு படித்தவர்களே அல்ல. போனை எடுப்பது, யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது, விஷயம் முடியும்வரை விடாமல் துரத்துவது, இவைதான் அவர்கள் வேலை.

பெயர் மட்டும் கொடுத்து அதிகாரம் கொடுக்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரு வாக்கர் வாங்கித்தர மூன்று கையெழுத்து தேவையென்றால் அந்த ஒருங்கிணைப்பாளர் இன்னொரு தபால்காரர்தான். சிறு உபகரணம் வாங்க, வீட்டு உதவி நேரத்தைக் கூட்ட, பிசியோதெரபியை நேரடியாக ஏற்பாடு செய்ய, டாக்டரை அன்றே போனில் பிடிக்க அவருக்கு எழுத்துபூர்வ அனுமதி இருக்கட்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். நம்பரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, முதியவர் போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

படி 5: ஒரு பக்கத் திட்டம்

முப்பது பக்கத் திட்டத்தை யாரும் படிப்பதில்லை. நள்ளிரவில் வரும் ஆம்புலன்ஸ் ஊழியர் ஒரு நிமிடத்தில் படித்து முடிக்கும்படி ஒரே பக்கம். உதாரணத்துக்கு:

"எனக்கு முக்கியம்: காலையில் நானே எழுந்து வாசல் வரை நடந்து, நாற்காலி போட்டு உட்காருவது. இப்போதைய நிலை: வாக்கரோடு பத்தடி, குளிக்க ஒருவர் உதவி. இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவும். திடீரென்று பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகக் குழப்பமாகப் பேசினாலோ வயசாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவும், பிறகு ஒருங்கிணைப்பாளர் நம்பருக்கு. யார் எதைச் செய்கிறார்கள்: காலைக் குளியல் – உதவியாளர்; நடைப்பயிற்சி (செவ்வாய், வெள்ளி) – பிசியோதெரபிஸ்ட்; மாத்திரை அடுக்குவது (ஞாயிறு) – மகள். மறுபார்வை: ஆறு வாரத்தில்."

கடைசிக்காலச் சிகிச்சை பற்றி அவருக்கு விருப்பங்கள் இருந்தால் அதுவும் இதே பக்கத்தில் வரட்டும். அந்தப் பேச்சை அவசர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் கொடுமை.

படி 6: வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், ஒரே மேசை

சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில் 1970-களில் தொடங்கிய "ஆன் லோக்" என்ற அமைப்பிலிருந்து வளர்ந்ததுதான், முதியவர்களுக்கு மருத்துவத்தையும் அன்றாட உதவியையும் ஒரே குழு தரும் அமெரிக்காவின் "பேஸ்" திட்டம். அதன் விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பலதுறைக் குழுவில் டாக்டர், செவிலியர், சமூகப் பணியாளர், உணவியல் நிபுணர் இவர்களோடு, முதியவர்களை மையத்துக்கு அழைத்துவரும் வண்டியின் டிரைவரும் உறுப்பினர். தினமும் காலையில் வீட்டு வாசலில் அவரைப் பார்ப்பவர் டிரைவர்தான். நேற்றுவரை தானாக வண்டியேறியவர் இன்று கை கொடுக்கச் சொன்னார் என்பதை டாக்டருக்கு ஒரு மாதம் முன்பே அறிந்தவரும் அவர்தான்.

உங்கள் மேசையிலும் குளிப்பாட்டிவிடும் உதவியாளருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள். டாக்டர் பேசி முடித்த பிறகு அவர் வாய் திறக்க மாட்டார். நிலைமை மாறியவர்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் "யார், என்ன, எந்தத் தேதிக்குள்" என்ற ஒரு வரி முடிவு. நேரில் வர முடியாதவர் போனில் சேரட்டும்.

படி 7: மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள்

மருத்துவமும் அன்றாடக் கவனிப்பும் பிரிந்திருப்பதன் விலையை மருந்தில்தான் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரு சங்கிலியைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது. சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. இரவில் சிறுநீர் அடக்க முடியாமல் போகிறது, அதற்கு ஆக்சிபியூட்டினின். அது முதியவர்களில் வாய் வறட்சி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றைக் கொண்டுவரக்கூடிய மருந்து. குழப்பத்தைப் பார்த்த வீட்டார் மறதி நோய் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். மூன்று சீட்டுகள், நான்கு டாக்டர்கள், எதுவும் தனித்தனியே தவறாகத் தெரியாது. சங்கிலி முழுவதையும் பார்த்த ஒரே ஆள் இரவில் துணி மாற்றிவிட்ட மருமகள். அவரை யாரும் கேட்கவில்லை.

எனவே குழுவில் ஒரு மருந்தாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்தும் கடையில் தானாக வாங்கியதும் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியவை: எதற்காகத் தொடங்கியது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, இன்னொரு மருந்தின் பக்கவிளைவுக்காக வந்ததா, உண்மையில் சாப்பிடுகிறாரா? முதியோருக்கு ஆபத்தான மருந்துகளைச் சுட்டும் பீர்ஸ் பட்டியலும் ஐரோப்பாவின் ஸ்டாப்-ஸ்டார்ட் அளவுகோல்களும் இந்த வேலைக்கு உதவும். நிறுத்துவதை டாக்டர் மட்டுமே, படிப்படியாகச் செய்ய வேண்டும். வீட்டார் தாமாக நிறுத்தினால் சில மருந்துகள் திருப்பி அடிக்கும்.

படி 8: டிஸ்சார்ஜ்

உங்கள் வரைபடத்தில் சிவப்புக் குறிகள் அதிகம் குவிந்த இடம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

படுத்தே கிடப்பதற்கு முதியவர்களின் உடல் விலை கொடுக்கிறது. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத்திசு குறைந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி. ஆகவே இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும்: வார்டில் முதல் நாளிலிருந்தே எழுப்பி நடக்க வைப்பது, முதல் நாளிலிருந்தே வீட்டுக்குப் போகும் ஏற்பாட்டைத் தொடங்குவது. சேர்த்த அன்றே ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தி போகட்டும். "இவர் வழக்கமாக எப்படி இருப்பார்" என்பதை அவர் வார்டுக்குச் சொல்லட்டும். இதற்கு ஈடு எதுவும் இல்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் என்று யாரும் சொல்லாததால், திடீர் மனக்குழப்பமான டெலிரியத்தை மறதி நோய் என்று முத்திரை குத்தி, நேரே முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவது நடக்கிறது. டெலிரியத்தின் காரணம் நோய்த்தொற்றோ, நீரிழப்போ, புதிய மருந்தோ, வலியோ, மலச்சிக்கலோ, சிறுநீர் அடைப்போ ஆக இருக்கலாம். காரணத்தைத் தீர்த்தால் பலர் தேறிவிடுவார்கள்; சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். நீண்டகால முடிவுகளை வார்டில் படுத்திருக்கும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து நிலைபெற்ற பிறகு எடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் இருக்க வேண்டியவை: எந்த மருந்து புதிது, எது நின்றது, எதன் அளவு மாறியது, ஏன் என்ற பட்டியல், எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது, அடுத்த சந்திப்பின் தேதி, வீட்டில் தேவையான உபகரணம் வந்து இறங்கிவிட்டது என்ற உறுதி. "ஏற்பாடு செய்துவிட்டோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை டிஸ்சார்ஜைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். முடியாவிட்டால் சனிக்கிழமை காலை யார் போகிறார்கள் என்று பெயர் எழுதிவிட்டு அனுப்பவும். இரண்டு நாளுக்குள் ஒரு போன், ஒரு வாரத்துக்குள் ஒருவர் நேரில்.

படி 9: கவனித்துக்கொள்பவரையும் பட்டியலில் சேருங்கள்

மனைவி, கணவர், மகள், மகன், மருமகள், யாராயிருந்தாலும் அவருக்கென்று தனியாக ஒரு பேச்சு வேண்டும், முதியவர் எதிரில் இல்லாமல். தூக்கம் எப்படி, கடைசியாக எப்போது வெளியே போனார், தன் மருந்தைச் சாப்பிடுகிறாரா? தூக்கி உட்காரவைப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினால் அவர் இடுப்பு பிழைக்கும். மாதத்தில் சில நாள் மாற்று ஆள் ஏற்பாடு செய்வதைச் சலுகையாக நினைக்காதீர்கள். அவர் விழுந்தால் முழுத் திட்டமும் விழும்.

படி 10: தகவலும் பணமும்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். எந்தத் தகவலை யாரோடு பகிரலாம் என்ற சம்மதத்தை முதல் சந்திப்பிலேயே எளிய மொழியில் வாங்கி வையுங்கள். நோய் விவரம் அத்தனையும் வீட்டு உதவியாளருக்குத் தேவையில்லை. விழும் ஆபத்து, விழுங்கும் சிரமம், அவசரத்துக்கு யார் என்பவை தேவை. பகிரப்பட்ட கணினிப் பதிவு வரும்வரை வீட்டில் ஒரு நோட்டு போதும், வருபவர் எல்லாரும் அதில் எழுதட்டும்.

பணத்தில், மருத்துவச் செலவு ஒரு பையிலும் அன்றாட உதவிச் செலவு இன்னொரு பையிலும் இருக்கும்வரை ஒவ்வொருவரும் அடுத்தவர் பையைக் காட்டுவார்கள். பேஸ் திட்டம் ஒரு தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கி, அதிலேயே எல்லாவற்றையும் செய்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாத இடத்தில், ஒருங்கிணைப்பாளர் கேட்காமல் செலவழிக்க ஒரு சிறு பொதுநிதியையாவது இரு தரப்பும் சேர்ந்து ஒதுக்கலாம். தாமதங்களில் பாதி அதிலேயே தீரும்.

படி 11: எதை அளப்பது, எதை எதிர்பார்க்கக் கூடாது

"இதனால் மருத்துவமனைச் சேர்க்கை குறையும், பணம் மிச்சமாகும்" என்று வாக்குக் கொடுத்து நிதி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2009-இல் 16 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த பராமரிப்பு முன்னோட்டங்களை மதிப்பிட்டபோது, ஊழியர்கள் பராமரிப்பு மேம்பட்டதாகச் சொன்னார்கள். அவசரச் சேர்க்கை குறையவில்லை. அதைவிட முக்கியமானது: முடிவுகளில் தங்கள் பங்கு குறைந்ததாக முதியவர்களே சொன்னார்கள். துறைகள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டு, முதியவரை விட்டுவிட்டன.

ஆகவே அளவுகளை முதியவர் பக்கமிருந்து எடுங்கள். கடந்த 90 நாளில் எத்தனை நாள் சொந்த வீட்டில் இருந்தார்? டிஸ்சார்ஜுக்கும் முதல் வீட்டு வருகைக்கும் இடையே எத்தனை நாள்? "உங்கள் விஷயத்தில் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டால் ஒரு பெயர் வருகிறதா? "எனக்கு முக்கியம்" என்று எழுதிய வரியில் ஏதாவது நடந்ததா? படி 1-இல் வரைந்த தாளை ஆறு மாதம் கழித்து வேறொரு முதியவரை வைத்து மறுபடி வரையுங்கள்; சிவப்புக் குறிகள் குறைந்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஒருங்கிணைப்பாளரால் தன் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் இன்றைய நிலையையும் நோட்டைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை என்றால், புதிய பெயர்களைச் சேர்க்கும் முன் இன்னொருவரை வேலைக்கு எடுங்கள்.